வான்கோழி திரும்பி வந்த கதை: வசந்த கால வேட்டையும் அதற்கேற்ற துப்பாக்கியும்



சூயஸ் கால்வாய், தபால் தலை, வால் நட்சத்திரம் என்று எழுதிக் கொண்டிருந்தவன் திடீரென்று வான்கோழிக்கு வந்துவிட்டானே என்று நினைக்க வேண்டாம். இதுவும் வரலாறுதான். ஒரு நாடு ஒரு பறவையை ஏறக்குறைய தின்றே தீர்த்துவிட்டு, பிறகு அதே பறவையைத் திரும்பக் கொண்டு வந்த வரலாறு. அதில் பெரும் பங்கு யாருடையது தெரியுமா? துப்பாக்கி வாங்கியவர்களுடையது. நம்ப முடியவில்லை அல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நமக்கு வான்கோழி என்றால் உடனே நினைவுக்கு வருவது மூதுரைதான். மயிலைப் பார்த்துக் காப்பியடித்து ஆடப்போய் மானம் போன பறவை! பள்ளியில் படித்த நாளிலிருந்து அது நமக்கு ஒரு கேலிப்பொருள். ஆனால் அமெரிக்கக் காட்டில் ஏப்ரல் மாத விடியற்காலையில் ஆடுகிற காட்டு வான்கோழிச் சேவல் யாரையும் பார்த்துக் காப்பியடிப்பதில்லை. வாலை விசிறி போல விரித்து, இறக்கையைத் தரையில் தேய்த்து, தலையின் நிறத்தைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாற்றிக் காட்டி அது ஆடுவது தன் பெட்டைகளுக்காக. அந்த ஆட்டம்தான் வசந்த கால வேட்டையின் அடிப்படை. எந்தத் துப்பாக்கி எடுத்துப் போக வேண்டும் என்பதும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

எந்த ஊர்ப் பறவை?

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆங்கிலேயர் இதைத் துருக்கி நாட்டுப் பெயரால் அழைத்தார்கள். துருக்கியர் இதை 'ஹிந்தி' என்று நம் நாட்டுப் பெயரால் அழைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இது இந்தியப் பறவை. போர்த்துக்கீசியர்களுக்கோ 'பெரு'. ஆளாளுக்கு ஒரு நாட்டைக் கைகாட்ட, உண்மையில் இது வட அமெரிக்கக் கண்டத்தின் சொந்தப் பறவை. மெக்சிகோவில் ஐரோப்பியர் காலடி வைப்பதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே இதை வீட்டுப் பறவையாக வளர்த்திருக்கிறார்கள். ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1612ல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்காக முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவில் போர்த்துக்கீசியரிடமிருந்து வாங்கி வந்த அபூர்வப் பிராணிகளில் ஒரு வான்கோழியும் இருந்தது. பேரரசர் அசந்து போய்த் தன் நினைவுக் குறிப்பில் அதை வர்ணித்தார். ஓவியர் உஸ்தாத் மன்சூர் அதைப் படமாக வரைந்தார். அந்த ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் ஊர்ப் பண்ணையில் திரிகிற வான்கோழி அந்த மெக்சிகோ வான்கோழியின் வாரிசு. அமெரிக்கக் காட்டில் இருப்பது அதன் காட்டு உறவினர். வளர்ந்த சேவல் 8 முதல் 11 கிலோ வரை இருக்கும். இவ்வளவு கனமிருந்தும் நன்றாகப் பறக்கும், வேகமாக ஓடும், இரவில் உயரமான மரக்கிளையில் தங்கும். அதன் பார்வைதான் வேட்டைக்காரனுக்குப் பெரிய எதிரி. தலையைக் கொஞ்சம் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும். ஒரு விரல் அசைந்தாலும் ஆளைக் காணோம்!

அழிந்த கதை

ஐரோப்பியர் வருவதற்கு முன்பு அந்தக் கண்டத்தில் ஒரு கோடி அளவுக்குக் காட்டு வான்கோழிகள் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பறவை ஓவியர் ஆடுபோன் தன் புகழ்பெற்ற 'அமெரிக்கப் பறவைகள்' தொகுப்பில் முதல் படமாக வரைந்தது காட்டு வான்கோழிச் சேவலைத்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் 1784ல் தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில், கழுகைவிட வான்கோழியே மரியாதைக்குரிய பறவை என்று பாதி விளையாட்டாகக் குறிப்பிட்டார். அதை வைத்து அவர் வான்கோழியைத் தேசியப் பறவையாக்கச் சொன்னார் என்று கதை கட்டிவிட்டார்கள். அப்படி அவர் எங்கும் முன்மொழியவில்லை.

மரியாதைக்குரிய பறவைக்கு நடந்தது மரியாதையான காரியம் அல்ல. காடுகள் விவசாயத்துக்காகவும் மரத்துக்காகவும் வெட்டப்பட்டன. மறுபக்கம் சந்தைக்காக வேட்டை. வருடம் முழுவதும், சேவல் பெட்டை என்று பார்க்காமல் சுட்டார்கள். சுடுவது கூடத் தேவையில்லை. மரக்கட்டைகளை அடுக்கி ஒரு கூண்டு கட்டி, அடியில் ஒரு பள்ளம் தோண்டி, சோளத்தைத் தூவி விடுவார்கள். பறவைகள் குனிந்து சோளத்தைப் பொறுக்கிக்கொண்டே பள்ளம் வழியாக உள்ளே போய்விடும். உள்ளே போனதும் தலையை நிமிர்த்தி மேலேயே வழி தேடும். வந்த வழி காலடியில் இருப்பது அதற்குத் தோன்றாது. மொத்தக் கூட்டமும் ஒரே நாளில் காலி.

கனெக்டிகட் மாநிலத்தில் 1813ஆம் ஆண்டு வாக்கில் வான்கோழி மறைந்தது. மாசசூசெட்ஸில் கடைசிப் பறவை 1851ல். 1920 வாக்கில், அது முன்பு வாழ்ந்த 39 மாநிலங்களில் 18ல் ஒன்று கூட இல்லை. போதாக்குறைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஒரு பூஞ்சை நோய் அமெரிக்கச் செஸ்நட் மரங்களைக் கூண்டோடு அழித்தது. வான்கோழிக்கு அந்த மரத்தின் கொட்டை முக்கியமான தீனி. 1930களில் எஞ்சியிருந்தவை வெறும் 30,000 என்று ஒரு மதிப்பீடும், இரண்டு லட்சம் என்று இன்னொரு மதிப்பீடும் சொல்கின்றன. எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு கோடிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

துப்பாக்கி மீது ஒரு வரி

1900ல் வந்த லேசி சட்டம் கள்ள வேட்டை இறைச்சியை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. ஆனால் தடுப்பது மட்டும் போதாதே? காட்டை வாங்க வேண்டும், காவலர் போட வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம்?

1937 செப்டம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம்தான் பதில். நெவாடா செனட்டர் கீ பிட்மன், வர்ஜீனியாவின் வில்லிஸ் ராபர்ட்சன் இருவரின் பெயரும் அதில் இருக்கிறது. யோசனை மிக எளிமையானது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கிற வரி பொதுக் கஜானாவில் கலக்காமல் வனவிலங்குக்கு மட்டுமே போக வேண்டும். நீள்குழல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இந்த வரி இன்று 11 சதவீதம். மாநிலங்களுக்கு இதைப் பிரித்துக் கொடுக்கும்போது பாதி நிலப்பரப்பைப் பொறுத்து, பாதி உரிமம் எடுத்த வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து. ஒரு திட்டத்தின் செலவில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநிலம். இன்னொரு கண்டிப்பான நிபந்தனையும் உண்டு. வேட்டை உரிமக் கட்டணத்தை மாநிலம் வேறு செலவுக்குத் திருப்பினால் ஒரு டாலர் கூடக் கிடைக்காது.

அரசியல்வாதிகள் எடுத்துச் செலவழிக்க முடியாதபடி பூட்டுப் போட்ட பணம்! இதுவரை இந்த வழியில் 1,000 கோடி டாலருக்கும் மேல் போயிருக்கிறது.

பண்ணைப் பறவை ஏன் தோற்றது?

பணம் வந்ததும் எல்லோருக்கும் தோன்றிய முதல் யோசனை: பண்ணையில் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டால் போயிற்று! பல மாநிலங்கள் ஆயிரக்கணக்கில் விட்டன. கிட்டத்தட்ட எல்லாமே செத்தன. நரியைக் கண்டால் ஓடத் தெரியாது, மனிதனைக் கண்டால் தீனிக்கு ஓடி வரும், குளிரில் எங்கே தங்குவது என்று தெரியாது.

ஏன் இப்படி என்பதை மிசூரி மாநிலத்து ஓசார்க் மலைப்பகுதியில் ஆராய்ந்தவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். காட்டுப் பறவை, வீட்டுப் பறவை, கலப்பினம் மூன்றையும் ஒப்பிட்டு 1944ல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. காட்டுத்தனம் என்பது பழக்கம் மட்டுமல்ல, பரம்பரையாக வருவது என்று அவர் காட்டினார். மூளை, சுரப்பிகள், இனப்பெருக்கக் காலம், ஆபத்தில் குஞ்சுகள் நடந்துகொள்ளும் விதம் எல்லாவற்றிலும் வித்தியாசம். கலப்பினம் சீக்கிரமே முட்டையிடத் தொடங்கி, பனியிலும் மழையிலும் குஞ்சுகளை இழந்தது.

அப்படியானால் ஒரே வழிதான். எஞ்சியிருக்கும் அசல் காட்டுப் பறவையை உயிரோடு பிடித்து, இல்லாத இடத்தில் கொண்டு போய் விட வேண்டும். ஆனால் விரல் அசைந்தாலே ஓடுகிற பறவையை எப்படிப் பிடிப்பது?

விடை பீரங்கி வலை. முதலில் வாத்து பிடிக்கக் கண்டுபிடிக்கப்பட்டது. வலையை மடித்து மறைத்து வைத்து, எதிரே சோளத்தைத் தூவி, ஆள் மறைவில் உட்கார்ந்திருப்பார். கூட்டம் வந்து தலை குனிந்ததும் பொத்தானை அழுத்த, சிறு பீரங்கிகள் வெடித்து, கண் இமைக்கும் நேரத்தில் வலை பறந்து மேலே விழும். தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் தேசியக் காட்டில் 1951ல் டஃப் ஹோல்புரூக் என்ற உயிரியலாளர் இதைக் கொண்டு வான்கோழி பிடித்துக் காட்டினார். அதே சோளம், அதே குனிந்த தலை. முன்பு அழிக்கப் பயன்பட்ட தந்திரம் இப்போது காக்கப் பயன்பட்டது. வரலாற்றில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை.

அதற்குப் பிறகு மாநிலங்களுக்குள் பண்டமாற்று வியாபாரமே நடந்தது. கென்டக்கி ஆற்று நீர்நாய்களைக் கொடுத்து மிசூரியிடம் வான்கோழி வாங்கியது! நியூயார்க்கில் பிடித்த 37 பறவைகளை 1972, 1973ல் மாசசூசெட்ஸின் பெர்க்‌ஷயர் மலையில் விட்டார்கள். இன்று பாஸ்டன் நகரத்தை ஒட்டிய தெருக்களில் வான்கோழிகள் காரை வழிமறித்து நிற்கின்றன. 1973ல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது நாட்டில் 13 லட்சம் பறவைகள் என்று கணக்கிட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் அது 65 லட்சத்தைத் தாண்டியது. அலாஸ்காவைத் தவிர 49 மாநிலங்களிலும் இன்று வேட்டைக்கு அனுமதி உண்டு.

ஏன் வசந்த காலம்?

குஞ்சு பொரிக்கிற பருவத்தில் வேட்டையா? அநியாயம் என்று தோன்றும். கொஞ்சம் யோசித்தால் அதில் இருக்கிற கணக்கு புரியும்.

வான்கோழிச் சேவல் ஒரே பருவத்தில் பல பெட்டைகளுடன் சேரும். முட்டையில் அடை உட்காருவதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ அதற்குப் பங்கே கிடையாது. பெட்டை ஒருமுறை சேர்ந்தால் பல வாரங்களுக்குக் கருவுற்ற முட்டையிட முடியும். நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, 28 நாள் தனியாக அடைகாக்கும். ஆகவே பெட்டைகள் சேர்ந்து முடித்த பிறகு சில சேவல்களை எடுத்தால் அடுத்த தலைமுறைக்குப் பெரிய நஷ்டமில்லை. இலையுதிர் காலத்தில் கூட்டத்தில் சுட்டால் பெட்டையும் சாகும். அதுதான் ஆபத்து.

இன்னொரு வசதியும் உண்டு. பெட்டைகள் அடையில் உட்கார்ந்ததும் சேவல் தனிமையில் தவித்துப்போய் மீண்டும் சத்தமாகக் கூவத் தொடங்கும். அப்போது வேட்டைக்காரன் பெட்டையின் குரலில் பதில் கொடுத்தால் தேடி வரும். வழக்கமாகப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். வேட்டைக்காரன் இயற்கையின் வழக்கத்தைத் தலைகீழாக்கப் பார்க்கிறான். அதனால்தான் பெரும்பாலான நாட்களில் தோற்றுத் திரும்புகிறான்.

குரல் கொடுக்கும் கருவிகளுக்கும் வரலாறு உண்டு. பூர்வகுடிகள் வான்கோழியின் இறக்கை எலும்பையே ஊதுகுழலாக்கினார்கள். அர்கன்சாவின் ஹென்றி கிப்சன் 1897ல் மரப்பெட்டிக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டையின் குரல் வரும். இன்று வரை அதே வடிவம்தான்.

தென் மாநிலங்களில் வசந்த வேட்டை பழைய வழக்கம். மிசூரி 1937ல் வேட்டையை மூடி, பறவைகளைப் பெருக்கி, 1960ல் மூன்றே நாள், 14 மாவட்டங்களில் மட்டும் திறந்தது. கிடைத்தவை 94 சேவல்கள். 2004 வசந்தத்தில் அதே மாநிலத்தில் 60,000க்கும் மேல்! பெரும்பாலான மாநிலங்களில் 'தாடி' உள்ள பறவையை மட்டும்தான் சுடலாம். சேவலின் நெஞ்சிலிருந்து தொங்கும் முடி போன்ற இறகுக் கற்றைதான் தாடி. பல இடங்களில் மதியத்துக்கு மேல் சுடக் கூடாது. ரைபிளுக்கும் பெரும்பாலான மாநிலங்களில் தடை. இலை துளிர்த்த காட்டில் எல்லோரும் பச்சை உடையில் மறைந்து உட்கார்ந்து பெட்டை போலக் குரல் கொடுக்கும்போது, ஒரு மைல் போகிற குண்டு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, எந்தத் துப்பாக்கி?

ஆக, மிச்சமிருப்பது ரவைத் துப்பாக்கி, அதாவது ஷாட்கன். இதில்தான் நண்பர்கள் பலருக்குக் குழப்பம். '12 போர்' என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு பெரிதோ அதுதான் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மி.மீ. 20 போர் என்றால் 20 உருண்டை, ஆகவே சிறியது, 15.6 மி.மீ. எண் கூடினால் குழல் சின்னதாகும். .410 மட்டும் விதிவிலக்கு. அது அங்குலத்தில் சொன்ன விட்டம்.

வான்கோழியின் உடம்பில் சுடுவதில்லை. தடித்த இறகும் பெரிய நெஞ்சுச் சதையும் ரவையைத் தாங்கிக்கொள்ளும். காயத்தோடு ஓடிப்போய்ப் புதரில் செத்துக் கிடக்கும். அதனால் தலையும் கழுத்தும்தான் குறி. அதாவது, கைப்பிடி அகலமுள்ள, ஆடிக்கொண்டே இருக்கிற ஒரு இலக்கில் ஒரே நேரத்தில் பல ரவைகள் விழ வேண்டும். எல்லாத் தொழில்நுட்பமும் இந்த ஒரு கணக்குக்காகத்தான்.

பழைய வாய்வழி மருந்து கிடிக்கும் துப்பாக்கியின் குழல் நேராக இருந்தது. 25, 30 கஜத்துக்கு மேல் ரவை சிதறிவிடும். 1860களிலும் 1870களிலும் குழலின் வாயைச் சற்றே குறுக்கினால் ரவை சேர்ந்தே போகும் என்று கண்டுபிடித்தார்கள். இதற்குச் 'சோக்' என்று பெயர். தோட்டக் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் தூரம் போகுமே, அது போல. அமெரிக்காவில் ரோப்பர், இங்கிலாந்தில் பேப் இருவரும் 1866ல் காப்புரிமை பெற்றார்கள். இல்லினாயின் வாத்து வேட்டைக்காரர் பிரெட் கிம்பிள் பெயரும் சொல்லப்படும். கிரீனர் 1870களில் இதைப் பக்குவப்படுத்தி உலகமெங்கும் பரப்பினார். 'ஃபுல் சோக்' என்றால் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 சதவீத ரவை விழ வேண்டும் என்பது பழைய இலக்கணம். குறுக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான்!

அப்புறம் துப்பாக்கிகள் வரிசையாக வந்தன. வின்செஸ்டரின் 1897, 1912 மாடல்கள், பிரவுனிங்கின் ஆட்டோ-5, 1950ல் ரெமிங்டன் 870. 1988ல் மாஸ்பெர்க் 835 துப்பாக்கியோடு மூன்றரை அங்குலத் தோட்டா வந்தது. அது 12 போரிலிருந்து 10 போர் வேலையை வாங்கியது. விலை? தோள்பட்டை! அந்த உதையை நினைத்தே விசையை அழுத்தும் நொடியில் பலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். குறி தவறும்.

கடைசித் திருப்பம் தோட்டாவின் உள்ளே நடந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3. டங்ஸ்டன் கலவை ரவையின் அடர்த்தி சுமார் 18. கனம் கூடினால் சின்ன ரவையும் ஆழமாகத் துளைக்கும். 2 மி.மீ. அளவுள்ள 9ஆம் எண் டங்ஸ்டன் ரவை, 3 மி.மீ. அளவுள்ள 5ஆம் எண் ஈய ரவையின் வேலையைச் செய்யும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 போரில் 2 அவுன்ஸ் 5ஆம் எண் ஈயம் என்றால் சுமார் 340 ரவை. 20 போரில் ஒன்றரை அவுன்ஸ் 9ஆம் எண் டங்ஸ்டன் என்றால் சுமார் 540 ரவை! சின்னத் துப்பாக்கி பெரியதை ஜெயித்துவிட்டது. 2018ல் பெரிய கம்பெனிகளும் இதைச் செய்யத் தொடங்கியதும், .410 கூட வான்கோழித் துப்பாக்கியாகிவிட்டது. ஆனால் ஒரு தோட்டா பத்து டாலர் அளவுக்கு வரும்.

இவ்வளவையும் வைத்து ஒருவர் எப்படித் தேர்ந்தெடுப்பது? என் பட்டியல் இது:

1. சிறுவர்கள், ஒல்லியானவர்கள், மலையேறி நடப்பவர்கள்: 20 போர். எடை குறைவு, உதை குறைவு. டங்ஸ்டன் தோட்டா இருந்தால் ஒன்றும் குறைவில்லை.

2. ஈயத் தோட்டாவே போதும், செலவு கூடாது என்பவர்கள்: 12 போர், மூன்று அங்குல அறை. ரவை எண் 4, 5 அல்லது 6. மூன்றரை அங்குலம் அவசியமில்லை.

3. பம்ப் துப்பாக்கி மலிவு, பழுது குறைவு. வாயுவில் இயங்கும் செமி ஆட்டோ உதையைக் கொஞ்சம் விழுங்கும். பழைய ஒற்றைக் குழல் கூடப் போதும், ஏனென்றால் இரண்டாவது வாய்ப்பு அநேகமாகக் கிடைக்காது.

4. நீளக் குழல் தேவையில்லை. மரத்தில் சாய்ந்து, முழங்காலில் துப்பாக்கியை வைத்துக் காத்திருக்கும்போது 21 முதல் 26 அங்குலக் குழல் புதரில் சிக்காது. பளபளப்பு இல்லாத பூச்சு நல்லது.

5. குழலின் நுனியில் ஒரு மணி மட்டும் இருந்தால், தலையைச் சரியாகப் பதிக்காவிட்டால் குறி மேலே போகும். இரட்டைப் பார்வைக் குறியோ, சிவப்புப் புள்ளி காட்டும் கருவியோ உதவும்.

6. எல்லாவற்றையும்விட முக்கியம்: காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது. 40 கஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை என்பது வேட்டைக்காரர்களின் பழைய அளவுகோல். ஒரே மாடல் துப்பாக்கி இரண்டு, ஒரே தோட்டாவை இரண்டு விதமாக வீசும். கடைக்காரர் சொல்வதைவிடக் காகிதம் சொல்வதுதான் உண்மை. 20 கஜத்திலும் சுட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ரவைக் கூட்டம் கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தவறவிடுவது சுலபம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு, வெள்ளை, நீலம் எதையும் உடுத்தக் கூடாது, அவை சேவல் தலையின் நிறங்கள். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்க்க வேண்டும். இன்னொரு ஆள் வந்தால் கையை அசைக்காமல் வாயைத் திறந்து சத்தமாகக் கூப்பிட வேண்டும். சத்தம் கேட்டுச் சுடவே கூடாது. அந்தக் குரல் இன்னொரு மனிதனாக இருக்கலாம்.

நிஜமான கேள்வி

இதோடு கதை சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் முடியவில்லை. 2000களின் உச்சத்துக்குப் பிறகு, குறிப்பாகத் தென்கிழக்கு மாநிலங்களிலும் மிசூரி போன்ற இடங்களிலும் வான்கோழி மறுபடி குறைந்து வருகிறது. 60,000 சேவல் கிடைத்த மிசூரியில் 2021 வசந்தத்தில் 35,000 அளவுதான். கூடு கட்டும் புதர் நிலம் குறைந்தது, முட்டையைத் தின்னும் ரக்கூன், ஓபோசம் பெருகியது, மழை, நோய் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றோடு, பெட்டைகள் சேர்ந்து முடிக்கும் முன்பே தலைமைச் சேவல்களைச் சுட்டுவிடுகிறோமோ என்ற சந்தேகமும் இருக்கிறது. அலபாமா 2022ல் பருவத்தைத் தள்ளிப்போட்டு, முதல் பத்து நாள் பொம்மைப் பறவை வைக்கத் தடை போட்டது. டென்னசி 2023ல் இரண்டு வாரம் தள்ளி, ஆளுக்கு இரண்டு பறவை என்று குறைத்தது.

இந்த நேரத்தில்தான் துப்பாக்கி அறுபது கஜம் எட்டத் தொடங்கியிருக்கிறது. ரவை எட்டும் என்பதற்காகச் சுடலாமா? வசந்த வேட்டைக்கு இருந்த ஒரே நியாயம், கொஞ்சமாக எடுப்போம் என்பது. கொஞ்சமாக எடுக்க வைத்தது சட்டம் மட்டுமல்ல, பறவையை 40 கஜத்துக்குள் கூப்பிட்டு வரவழைக்க வேண்டிய கஷ்டமும்தான். அந்தக் கஷ்டத்தைத் தோட்டா நீக்கிவிட்டால் மிச்சமிருப்பது சுடுவது மட்டுமே. அது 19ஆம் நூற்றாண்டுச் சந்தை வேட்டைக்காரன் செய்த வேலை.

ஆகவே டங்ஸ்டன் தோட்டா வாங்குபவர் அதைத் தூரத்துக்காக வாங்காமல், எடை குறைந்த துப்பாக்கிக்காகவும், 40 கஜத்துக்குள் பறவை காயத்தோடு தப்பாமல் இருக்கவும் வாங்கினால் அது நல்ல தேர்வு என்பது என் கருத்து.

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவை மூடிவிட்டது. நம் மக்கள் தொகைக்கும் காட்டின் அளவுக்கும் அது சரியென்றே நினைக்கிறேன். அமெரிக்க வழியை அப்படியே இங்கே கொண்டு வரச் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. பறவையை மீட்டது பாசம் மட்டுமல்ல. வேறு எதற்கும் தொட முடியாதபடி பூட்டி வைத்த ஒரு வரி, பண்ணைப் பறவை தோற்றதை ஒப்புக்கொண்ட ஆராய்ச்சி, பொறுமையாக வலையோடு காத்திருந்த ஆட்கள். இந்த மூன்றில் முதலாவதற்கு இன்று புதிய ஆபத்தும் உண்டு. அந்த வரியின் பெரும் பகுதியை இப்போது செலுத்துவது காட்டுக்கே போகாமல் கைத்துப்பாக்கியும் பயிற்சித் தோட்டாவும் வாங்குகிறவர்கள். தாங்கள் கட்டுவது வான்கோழிக்குப் போகிறது என்பது கூட அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் கொடுக்கிற பணம் எத்தனை நாளைக்கு வரும்?

அடுத்த முறை யாராவது உங்களை மயிலைப் பார்த்து ஆடும் வான்கோழி என்று கிண்டல் செய்தால் கோபப்பட வேண்டாம். முப்பதாயிரத்திலிருந்து அறுபத்தைந்து லட்சத்துக்குத் திரும்பி வந்த பறவை அது என்று சொல்லுங்கள்!

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.